ஆறு கொம்புப் பெட்டி வாங்கின மருமவனுக்கு

புது ரூட்டர் வாங்கிட்டியா மருமவனே, நல்லது. ஆறு கொம்பு, ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். நீ அனுப்பின போட்டோவ ஒங்க அத்தைகிட்ட காட்டினேன். மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்தவ, "இது எத்தன படி கறக்கும்?"னு கேட்டா. கறக்குமோ என்னமோ, முட்டாம இருந்தாச் சரின்னு சொல்லி வச்சிருக்கேன்.

வெலையில ஆயிரம் கொறச்சுத்தான் எங்கிட்ட சொன்னே, அது எனக்குத் தெரியும். போவட்டும். அட்டைப் பெட்டியில ஏசி 1200-ன்னு கொட்டை எழுத்துல அடிச்சிருக்கான். அதப் பாத்ததும் ஒன் மனசு 1200 எம்பி வந்து கொட்டப் போவுதுன்னு கணக்குப் போட்டிருச்சு. அதுக்குத்தான அவன் அச்சடிச்சான்! 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஏட்டளவுல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867. கூட்டினா 1167. அதையும் தூக்கிப் பிடிச்சு 1200 ஆக்கிட்டான். ஒன் போனு ஒரு நேரத்துல ரெண்டுல ஏதாவது ஒண்ணுலதான் நிக்கும். இதவிடப் பெரிய கூத்து பின்பக்கம் இருக்கு. பெட்டியத் திருப்பிப் பாரு, வயர் சொருகுற ஓட்டைக்கு 10/100-ன்னு எழுதியிருக்கா? அப்படின்னா ஃபைபர்க்காரன் 200 எம்பி விட்டாலும் அந்த ஓட்டை வழியா 100-க்கு மேல ஒரு சொட்டு உள்ள வராது. மிச்சத்துக்கு மாசா மாசம் பில்லு மட்டும் ஒழுங்கா வரும்.

"கிழவனுக்கு என்ன தெரியும்?"னு நெனைக்காத. காலமெல்லாம் டெலிபோன் கம்பம் ஏறி எறங்கினவன் நான். கம்பம் போச்சு, கம்பி போச்சு, கையில இருக்க அரிப்பு மட்டும் போவல. அதான் இப்ப ரூட்டரத் தொறந்து பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.

கொம்பு எண்ணி வாங்கின நீ, உள்ள என்ன ஓடுதுன்னு கேட்டியா? அந்தப் பெட்டியும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டருதான். ஒரு சிப்பு, கொஞ்சம் மெமரி, அதுல எழுதி வச்ச ஃபர்ம்வேர். எந்தப் போனுக்கு என்ன நம்பர் கொடுக்கணும், எவன உள்ள விடணும், எவன வாசல்லயே நிறுத்தணும், எந்தச் சேனல்ல பேசணும், எல்லாம் அது வச்ச சட்டம். கொம்பு அது சொன்னபடி ஆடும், அவ்வளவுதான். கடைக்காரன் கொம்ப எண்ணி வெல சொல்லுவான். "ஃபர்ம்வேர் அப்டேட் எத்தன வருசம் வரும்?"னு கேட்டுப் பாரு, டீ குடிக்கப் போயிருவான்.

மொதல்ல அந்த செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போ. 192.168.1.1, இல்லன்னா 192.168.0.1. பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். உள்ள போறதுக்குப் பேரு அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். மாத்தினியாலே? "மாத்திட்டேன் மாமா"ன்னு நீ சொல்லுவே, நீ மாத்தினது வைஃபை பாஸ்வேர்டு. அது போன இணைக்கதுக்கு. இது ரூட்டரையே ஆட்டி வைக்கதுக்கு. அந்த வைஃபை பாஸ்வேர்டையும் என்னன்னு வச்சிருக்கே? ஒன் கல்யாணத் தேதி! மறந்திரக் கூடாதுன்னு நீ வச்சியா, மருமவ வைக்கச் சொன்னாளான்னு நான் கேக்க மாட்டேன். ஆனா பத்திரிக அடிச்சு ஊரு பூராக் கொடுத்திருக்கமே. ஒங்கப்பன் ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து நானே தெருத்தெருவா வச்சிட்டு வந்தேன்.

இந்த அட்மின் அட்மின் விசயத்த வெளையாட்டா நெனைக்காத. 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் கெளம்பிச்சு. பெரிய சூத்திரம் ஒண்ணும் அதுகிட்ட இல்ல. கம்பெனிக்காரன் வச்சு அனுப்பின பேரு, பாஸ்வேர்டுன்னு ஒரு அறுபது ஜோடிய வச்சுக்கிட்டு, ஒலகத்துல இருக்க கேமரா, ரூட்டர் எல்லாத்தையும் வரிசையாத் தட்டிப் பாத்துச்சு. தொறந்துச்சா, புடிச்சுப் போட்டுச்சு. அந்த வருசம் அக்டோபர் 21-ஆம் தேதி, புடிச்சு வச்ச பெட்டிகள ஏவிவிட்டு, டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனிய முட்டினதுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல மணிக்கணக்கா நொண்டியடிச்சுது. மிராய எழுதினவனுக காலேஜ் வயசுப் பையனுக. நீ ஆபீசுல லேப்டாப்புக்கு மூணு பாஸ்வேர்டு போட்டுத் தொறக்கே, வீட்ல அட்மின் அட்மின்.

இப்ப ஒரு கத சொல்லுதேன், இது எனக்குப் புடிச்ச கத. 2002 கடைசியில லிங்க்சிஸ்னு ஒரு கம்பெனி நீலமும் கருப்புமா ஒரு ரூட்டர் விட்டான், டபிள்யூஆர்டி 54ஜி-ன்னு பேரு. ரெண்டே கொம்பு. சக்கப்போடு போட்டுச்சு. மறு வருசம் சிஸ்கோ அந்தக் கம்பெனியையே 50 கோடி டாலருக்குப் பக்கமா வெல பேசி வாங்கிட்டான். வாங்கின சூடு ஆறல, ஆண்ட்ரூ மிக்லாஸ்னு ஒருத்தர் அந்தப் பெட்டிய நோண்டி, உள்ள ஓடுறது லினக்ஸ்னு லினக்ஸ்காரங்க மடல் குழுவுலயே எழுதிப்புட்டாரு. லினக்ஸ யாரும் எடுத்துக்கலாம், காசு வேண்டாம். ஆனா ஒரு நிபந்தனை உண்டு. அத பெட்டிக்குள்ள வச்சு ஊருக்கு வித்தேன்னா, திருத்தி எழுதின மூலத்த கேக்கவனுக்குக் கொடுக்கணும். இந்தக் கம்பெனி கொடுக்கல. 50 கோடி கொட்டின சிஸ்கோவுக்கு இப்படி ஒரு வில்லங்கம் உள்ள இருக்கதே தெரியாது. பத்திரத்துல வில்லங்கம் பாக்காம நெலம் வாங்கினா நம்ம ஊரு தரகன் சிரிப்பான். அங்கயும் சிரிச்சிருப்பான்.

கடைசியில மூலத்த வெளிய விட்டான். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கெளம்பிட்டாங்க. 2004 ஜனவரியில ஓப்பன்டபிள்யூஆர்டி-ன்னு ஒரு கூட்டம் சேந்துச்சு, அந்தப் பெட்டியோட பேர்லயே. அப்புறம் டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோன்னு வகைவகையா வந்துச்சு. மூவாயிரம் ரூவாப் பெட்டியில அம்பதாயிரம் ரூவாப் பெட்டி பண்ற வேல பூரா பண்ண ஆரம்பிச்சுது. கம்பெனிக்குப் பொறுக்குமா? 2005-ல அஞ்சாம் வெர்சன் விட்டான். வெளிய அதே நெறம், அதே கொம்பு. உள்ள லினக்ஸத் தூக்கிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ்னு வேற ஒண்ணப் போட்டு, ஃபிளாஷ் மெமரிய 4 எம்பியில இருந்து 2 எம்பி ஆக்கி, ராம 16-ல இருந்து 8 ஆக்கிட்டான். சனம் கூப்பாடு போட்டுச்சு. ஒடனே பழைய சரக்கையே எடுத்து, பேருக்குக் கடைசியில ஒரு எல் சேத்து, டபிள்யூஆர்டி 54ஜிஎல்-னு தனியா வித்தான். அந்த எல் பெட்டி 2016-லயும் வித்துச்சு மருமவனே! அதவிட வேகமானது எத்தனையோ வந்த பெறவும், உள்ள எழுத விடுதாங்கற ஒரே காரணத்துக்காக வாங்கினான். கொம்ப எண்ணி வாங்கினவன் எவனும் அத வாங்கல.

கம்பெனிக்காரன் எழுதினா எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு ஒனக்கு உண்டு. 2003 மே மாசம் அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில ஒரு கடிகார சர்வர் திணறிச்சு. நொடிக்கு லட்சக்கணக்கான பாக்கெட், எல்லாம் ஒரே கேள்வி, "மணி என்ன, மணி என்ன?" எவன்டா இதுன்னு தேடிப் பாத்தா, நெட்கியர் கம்பெனி தன்னோட ரூட்டர் ஃபர்ம்வேர்ல அந்த யுனிவர்சிட்டி சர்வரோட நம்பர கேக்காமக் கொள்ளாம எழுதி வச்சிருக்கான். பதில் வரலன்னா நொடிக்கு ஒரு தடவ திரும்பக் கேளுன்னும் எழுதியிருக்கான். நாலு மாடலு, லட்சக்கணக்கான வீடு. வீட்டுக்காரனுக்கு ஒண்ணுமே தெரியாது, அவன் பாட்டுக்கு மெயில் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். கம்பெனி திருத்தம் விட்டுச்சு. ஆனா திருத்தத்த எத்தன பேர் எடுத்துப் போட்டிருப்பான்? நீ போடுவியா?

போட மாட்டே. எனக்குத் தெரியும். அந்த செட்டிங்ஸ் பக்கத்துல மேல செகப்பா ஒரு புள்ளி மின்னிக்கிட்டு "புது வெர்சன் இருக்கு"ன்னு நிக்கி. நீ அத இன்னும் தொடல. ஆட்டோ அப்டேட்னு ஒரு சொடுக்கு இருந்தா அத ஆன் பண்ணிரு. ராத்திரி மூணு மணிக்கு அதுவே போட்டுக்கும். கையால போடுறதா இருந்தா, இன்வெர்ட்டர் இருக்க லைன்ல சொருகிட்டுப் போடு. பாதி எழுதிக்கிட்டு இருக்கப்ப கரண்டு போச்சுன்னா அந்தப் பெட்டி அதோட மரக்கட்டை. ஒங்க ஏரியாவுல மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில ஒம்பது மணிக்குப் புடுங்குவான்ல, அன்னைக்குப் பாத்து எட்டே முக்காலுக்கு அப்டேட்ட ஆரம்பிக்காத. நீ ஆரம்பிப்பே, ஒன் ராசி அப்படி.

ஒண்ணு மட்டும் நீ சரியாப் பண்ணுதே. எதுன்னாலும் சுவிட்ச அணைச்சுப் போடுதே. அதுல ஒனக்கு அமெரிக்கா எஃப்பிஐ-யே துணை. 2018 மே மாசம் விபிஎன்ஃபில்டர்னு ஒரு திருட்டுச் சரக்கு 54 நாட்டுல அஞ்சு லட்சம் ரூட்டருக்குக் கொறையாம உள்ள பூந்துட்டுன்னு கண்டுபிடிச்சாங்க. எஃப்பிஐ ஊருக்கெல்லாம் என்ன சொன்னான் தெரியுமா? ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னான்! அதோட பெரும் பகுதி ராம்ல மட்டும் ஒட்டியிருந்ததால அணைச்சதும் அது போயிரும். ஆனா அடிவேர் ஒண்ணு ஃபிளாஷ்லயே தங்கிரும், அது திரும்ப முளைக்கும். முழுசா ஒழிக்க ரீசெட் பண்ணி, புது ஃபர்ம்வேர் ஏத்தணும். அந்தப் பாதிய எவன் கேட்டான்?

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு தந்திரம் சொல்லியிருப்பேன். இப்பச் சொல்லுதேன், அடுத்த பெட்டிக்கு ஆவும். 2024 ஏப்ரல் 29-ல இருந்து இங்கிலாந்துல ஒரு சட்டம். இந்த மாதிரிப் பெட்டிய விக்கவன், ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு வச்சு அனுப்பக் கூடாது. எத்தன காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவான்னும் வெளிப்படையா எழுதணும். அதனால நீ பாக்குற மாடல லண்டன்லயும் விக்கானான்னு தேடு. வித்தான்னா கம்பெனியோட அந்த ஊருப் பக்கத்துல தேதி போட்டிருப்பான். இங்க கடைக்காரன் சொல்லாதத அங்க சட்டத்துக்குப் பயந்து எழுதியிருப்பான். ஓசியில படிச்சுக்க.

டபிள்யூபிஎஸ்-ன்னு ஒரு பட்டன் இருக்கா? அத அமுக்கினா பாஸ்வேர்டு இல்லாம இணையும்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தாருன்னே. பட்டன் கூடப் பரவாயில்ல, அதோட சேந்து எட்டு எண்ணு உள்ள ஒரு பின் நம்பர் வருது பாரு, அதான் வெனை. எட்டு எண்ணுன்னா பத்துக் கோடி வகை, எவன் தட்டிப் பாப்பான்னு நெனைச்சாங்க. 2011 டிசம்பர்ல ஸ்டெஃபான் ஃபீபாக்னு ஒரு ஆளு வெளிய சொன்னாரு: மொத நாலு எண்ணு சரியா தப்பான்னு ரூட்டரே தனியா பதில் சொல்லிருது. அப்ப மொதப் பாதிக்குப் பத்தாயிரம். மறு பாதியில கடைசி எண்ணு வெறும் சரிபார்க்குற எண்ணு, மிச்சம் மூணுக்கு ஆயிரம். பத்துக் கோடி எங்க, 11,000 எங்க? சில மணி நேரத்துல தொறந்துரும். அத ஆஃப் பண்ணிரு. யூபிஎன்பி-ங்கறதையும் ஆஃப் பண்ணு. வீட்டுக்குள்ள இருக்க எந்தச் சாமானும், மலிவு கேமரா மொதக்கொண்டு, ஒன்னக் கேக்காமலே வெளியாளுக்கு வாசலத் தொறந்துவிட அது எடம் கொடுக்கும். பேரன் கேம் வெளையாட முடியலன்னு அழுதா அப்பப் பாத்துக்குவோம். வெளியூர்ல இருந்து ரூட்டர் பக்கத்தத் தொறக்க ரிமோட் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருக்கும், அதுக்கும் அதே கதி.

வைஃபை பேர மறைச்சு வச்சிருக்கேன்னு பெருமையாச் சொன்னே. ஒன் போனே போற எடமெல்லாம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடிக்கிட்டு அலையுது. மறைச்ச லட்சணம் அதுதான்.

ஒங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப, அந்த அபார்ட்மென்ட்ல ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம போன்ல வைஃபை எல்லாம் எடுத்துப் பாத்தேன். சுருட்டச் சுருட்ட வந்துக்கிட்டே இருக்கு. மூணாவது மாடிக்காரரு "பாஸ்வேர்டு கேக்காதே"ன்னே பேரு வச்சிருக்காரு, மானஸ்தன். இத்தன பேரும் 2.4-ல கெடந்து மல்லுக்கட்டுதாங்க. நம்ம நாட்டுல அதுல 13 சேனல் உண்டு, ஆனா ஒண்ணுக்கொண்ணு 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கு. ஒரு ரூட்டர் பேச 20 வேணும். அதனால ஒண்ணு மேல ஒண்ணு படாம இருக்கணும்னா வழக்கமா 1, 6, 11 மூணையும்தான் எடுத்துக்குவாங்க. நீ என்ன பண்ணியிருக்கே? 3 காலியா இருக்குன்னு அதுல போயி உக்காந்திருக்கே. இப்ப 1-ல இருக்கவன் பேச்சும் ஒனக்கு எரைச்சல், 6-ல இருக்கவன் பேச்சும் எரைச்சல். 1-லயே போயி உக்காந்தேன்னா அந்த ஆளு பேசி முடிக்க வரைக்கும் ஒன் பெட்டி காத்திருந்து மொறையாப் பேசும். போதாக்கொறைக்கு அகலத்த 40-ன்னு வேற வச்சிருக்கே. 2.4-ல 20 போதும். வேகம் வேணுங்கற சாமான 5-க்கு மாத்து. அதுல எடம் தாராளம். 2018 அக்டோபர்ல நம்ம அரசாங்கம் அதுல பெரும் பகுதிய லைசென்ஸ் இல்லாமப் பொழங்கத் தொறந்துவிட்டுட்டு. 5-லயும் நடுவுல சில சேனல் ராடாரு பொழங்குறது. அதுல போறதுக்கு முன்னாடி ரூட்டர் ஒரு நிமிசம் காதக் குடுத்துக் கேக்கணும், ராடார் சத்தம் கேட்டா ஒடனே எடத்தக் காலி பண்ணணும். திடீர்னு வைஃபை காணாமப் போயித் திரும்ப வருதுன்னா அதுவாவும் இருக்கலாம். 36-ல இருந்து 48 வரைக்கும், இல்லன்னா 149-க்கு மேல, அந்தத் தொல்ல இல்ல.

அப்புறம் டிரான்ஸ்மிட் பவர்னு ஒரு எடம். அத நீ "ஹை"ன்னு வச்சிட்டு, போன்ல கோடு பூரா நெறஞ்சிருக்கு, நெட்டு மட்டும் வரல மாமான்னு பொலம்பினே. கோயில் கொடையில மைக்செட்டுக்காரன் குழாயக் கட்டி அலறவிட்டா அஞ்சு தெருவுக்குக் கேக்கும். நீ ஒன் வீட்டுத் திண்ணையில நின்னு "சத்தத்தக் கொறடா"ன்னு கத்தினா அவனுக்குக் கேக்குமா? ரூட்டர் பேசுறது போனுக்குக் கேக்குது. போனு பேசுறது ரூட்டருக்கு எட்டல. போன்ல இருக்க ரேடியோ சின்னது, பேட்டரிக்குப் பயந்து பேசும். ஆறு கொம்பு வச்சாலும் அது கூட ஒரு வரி பேசாது. பவர "மீடியம்" ஆக்கி, பெட்டிய டிவிக்குப் பின்னால இருந்து நடுக்கூடத்துக்குக் கொண்டா. நாட்டுப் பேர மாத்தினா இன்னும் பவர் ஏறும்னு ஒரு யூடியூப் வீடியோ அனுப்பினியே, அத அழிச்சிரு. சட்டப்படி அது தப்பு.

இனி ஒன் வீட்டுப் பெரிய பஞ்சாயத்து, பேரண்டல் கன்ட்ரோல். பேத்தி போனுக்கு ராத்திரி ஒம்பதுக்கு மேல நெட்டு கெடையாதுன்னு பூட்டி வச்சிட்டு, நீயும் மருமவளும் நிம்மதியாப் படுத்துட்டீங்க. பதினோரு மணிக்கு அவ என் பக்கத்துல உக்காந்து எனக்கே ஒரு காமெடி வீடியோ காட்டினா. எப்படிம்மான்னேன். சிரிச்சா. ரூட்டர் போன அடையாளம் காணுறது மேக் அட்ரஸ்ங்கற நம்பர வச்சு. ஆண்ட்ராய்டு 10-ல இருந்தும், ஐபோன்ல ஐஓஎஸ் 14-ல இருந்தும், போனு தன் நெச நம்பரச் சொல்லாம பொய் நம்பர் ஒண்ணச் சொல்லும். கண்டவன் பின்தொடரக் கூடாதுன்னு பண்ணின ஏற்பாடு. அத செட்டிங்ஸ்ல ஒரு தட்டு தட்டினா நம்பர் மாறிப்போவும். ரூட்டருக்கு அவ புது விருந்தாளி. "வாங்க, உக்காருங்க"ன்னு தொறந்து விட்டுரும். நீ இஞ்சினியரு, அவ ஏழாங்கிளாஸ்.

இதுக்கு வழி இருக்கு. சில ஃபர்ம்வேர்ல புதுசா வர்ற எந்தச் சாமானையும் நீ சரின்னு சொல்ற வரைக்கும் தடுத்து நிறுத்துற சொடுக்கு உண்டு. எங்க இருக்குன்னு சொல்லட்டா? சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு.

வர்றவன் போறவன் எல்லாருக்கும் வீட்டு பாஸ்வேர்டையே கொடுக்கியே, கெஸ்ட் நெட்வொர்க் எதுக்கு இருக்கு? அந்த மலிவு பல்பு, கேமரா, டிவி எல்லாத்தையும் தூக்கி அதுல போடு. நெட்டுக்குப் போவும், ஒன் லேப்டாப்ப எட்டிப் பாக்காது.

ஒனக்கு வந்திருக்க நெசமான நோவு வேற, அத நீ இன்னும் கண்டுக்கல. காலையில ஆபீஸ் மீட்டிங்குல ஒன் மொகம் பாதி சிரிப்புல ஒறஞ்சு போயி நின்னுச்சு. நீ ஃபைபர்க்காரனத் திட்டினே, பிளான ஏத்தணும்னே. நான் போன்ல பிங் ஓடவிட்டுப் பாத்தேன். சும்மா கெடக்கப்ப 12, 14 மில்லிசெகண்டு. அடுக்களையில மருமவ போன சார்ஜ்ல போட்டதும், ஊருக்கு வந்துட்டுப் போன போட்டோவெல்லாம் மேல ஏற ஆரம்பிச்சுது. பிங் 300, 500-ன்னு எகிறிச்சு. போட்டோ ஏறி முடிஞ்சதும் மறுபடி 13. லைன்ல கோளாறு ஒண்ணும் இல்ல. ரூட்டர் வர்ற பாக்கெட்ட எல்லாம் மறுக்காம வாங்கி வரிசையில அடுக்கிக்கிட்டே போவுது. ஒன் மீட்டிங் பாக்கெட்டு அந்த போட்டோவுக்கெல்லாம் பின்னால நிக்கி. எதையும் கீழ போடக் கூடாதுன்னு மெமரியக் கூட்டிக் கூட்டி வச்சதுல வந்த வெனை இது. ஜிம் கெட்டிஸ்னு ஒரு பழைய கம்ப்யூட்டர் ஆளு 2010 வாக்குல தன் வீட்டு லைன நோண்டிப் பாத்து இத ஊருக்குச் சொன்னாரு. பஃபர்புளோட்னு பேரு. 2012-ல கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் மருந்து கண்டுபிடிச்சாங்க. பாக்கெட்டு வரிசையில எவ்வளவு நேரம் நிக்கின்னு பாத்து, அளவுக்கு மீறினா ஒண்ணு ரெண்டக் கீழ போட்டிரும். போட்டதும் அனுப்புறவன் வேகத்தக் கொறைச்சுக்குவான். கூடவே ஒவ்வொருத்தனுக்கும் தனி வரிசை வச்சு மாத்தி மாத்தி விட்டா, சின்னப் பாக்கெட்டுக்காரன் காத்துக் கெடக்க வேண்டாம்.

இது ஒன் ஆறு கொம்புப் பெட்டியில இல்ல. "கேமிங் மோடு"ன்னு ஒரு தீப்பந்தப் படம்தான் இருக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டி-யில எஸ்கியூஎம்-னு ஒரு பொதி, ஓசியாக் கெடைக்கும். அதுல லைனோட நெச வேகத்துல பத்துல ஒம்பது பங்கு போட்டு வைக்கணும். 40 எம்பி வருதுன்னா 36. நாலு எம்பிய விட்டுக் கொடுக்க மனசு வராது ஒனக்கு. ஆனா அப்பத்தான் வரிசை ஃபைபர்க்காரன் பெட்டியில சேராம ஒன் பெட்டியில நிக்கும், நீ ஆள முடியும். ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், இதுக்குச் சிப்பு கொஞ்சம் ஒழைக்கணும். 300, 400 எம்பி லைனுக்குச் சின்னப் பெட்டி மூச்சு வாங்கிரும்.

தோட்டத்து கேமராவ ஆபீசுல இருந்து பாக்கணும்னு போர்ட் ஃபார்வேர்டிங் பண்ணிப் பண்ணி ஒரு ஞாயித்துக்கெழமையத் தொலைச்சியாமே, தங்கச்சி சொன்னா. ரூட்டர் பக்கத்துல வான் ஐபி-ன்னு இருக்கத ஒரு தடவ வாசி. 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, அந்த நம்பர் ஒனக்கு மட்டும் உள்ளது இல்ல. ஃபைபர்க்காரன் ஒரே வெளி நம்பர ஊருக்கெல்லாம் பங்கு வச்சிருக்கான். நீ ஒன் வாசலத் தொறந்து வச்சு என்ன, தெருமுனையில அவன் பூட்டியிருக்கான். மாசம் கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி வாங்கு, இல்லன்னா வயர்கார்டு மாதிரி விபிஎன் ஒண்ண வெளிப்பக்கமா இழுத்துப் போடு.

அது கெடக்கட்டும். நான் இவ்வளவு நேரம் தொண்ட வறளப் பேசினது எதுக்குன்னு கேக்க மாட்டியா? ஒன் பரண்ல, பித்தளக் குத்துவிளக்குக்குப் பின்னால, பழைய வெள்ள ரூட்டர் ஒண்ணு கெடக்கு. ரெண்டு கொம்பு, அதுல ஒண்ணு ஒடிஞ்சது. அடியில ஸ்டிக்கரப் பாத்தேன். மாடலோட வெர்சன் நம்பரும் தெளிவா இருக்கு. ஒரே மாடல்ல வெர்சன் மாறினா உள்ள குடலே மாறிரும், அதான் 54ஜி கதையில பாத்தியே. ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியல்ல அந்த வெர்சன் இருக்கு. ஃபிளாஷ் 16 எம்பி, ராம் 128. நம்ம காரியத்துக்குத் தாராளம். கம்பெனி அதக் கைகழுவி விட்டுட்டு, நீயும் கைகழுவிட்டே. பழைய பேப்பர்காரன் இருபது ரூவா தருவான். நான் இருபத்தஞ்சு தாரேன். எழுதி ஏத்தி, எஸ்கியூஎம் போட்டு, இங்க ஒங்க அத்தை சீரியல் பாக்கறதுக்கு வச்சுக்கறேன். நல்லா ஓடினா, ஒன் ஆறு கொம்பு காலாவதி ஆவுறப்ப ஒனக்கே ஐந்நூறு ரூவாய்க்குத் தாரேன், சொந்தக்காரன்ங்கறதால.

வர்ற சனிக்கெழம ஆம்னி பஸ்சுல போட்டு விடு. அடாப்டர மறந்திராத. பெட்டியில 9 வோல்ட்டுன்னு போட்டிருக்கா 12-ன்னு போட்டிருக்கான்னு பாத்து, அதுக்கு உள்ளத அனுப்பு. போன தடவ ஒன் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். கூட வந்தது அவன் சேவிங் மிசின் சார்ஜரு.